‘எந்த வண்டிக்கு?’: இரவில் ரயில் நிலையத்தில் படுத்திருப்பவர்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: விடியற்கால வண்டியைப் பிடிப்பதற்காக நள்ளிரவு தாண்டிச் சென்னை சென்ட்ரலுக்கு வந்தீர்கள், முன்கூடத்திலும் வாசற்படிகளிலும் நூற்றுக்கணக்கானோர் படுத்திருந்ததைப் பார்த்தீர்கள், இவர்கள் யார், பகலில் எங்கே போகிறார்கள், டிக்கெட் இல்லாதவர்களை ரயில்வே ஏன் விட்டுவைக்கிறது என்று வியந்திருக்கிறீர்கள். தூணோரம் துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் பேசியிருக்கலாமோ என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். இவை தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ரயில் நிலையத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கலாம், அதை முடிவு செய்வது யார்? அந்த வழியாகப் போனால் மற்றவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

நான் ரயில்வேயின் வணிகப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கும் மேல் சென்னையில், விசாரணை மையத்திலும் டிக்கெட் பரிசோதனையிலும், பெரும்பாலும் இரவுப் பணியில் கழிந்தது. ஆகவே சட்டமும் நடைமுறையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஆனால் படுத்திருக்கிறவர்களின் மனத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கோட்டு போட்டவனிடம் மனிதர்கள் உண்மையை அளந்துதான் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளாக எனக்குக் கிடைத்தவை அப்படி அளந்து தரப்பட்ட பதில்கள். ஓய்வு பெற்றபின், இரவில் வீடற்றோருக்கு உணவு எடுத்துச் செல்லும் சிலரோடு சில ஆண்டுகள் நடந்தபோது அதே முகங்கள் வேறு கதைகளைச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

முதலில் சட்டம். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்தத் திசையில் போகும் முதல் வண்டிக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ரயில்வேயின் ஓய்வறைகளை மணிக்கணக்கில்தான் வாடகைக்குத் தருகிறார்கள். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு, உரிமையில்லாமல் நுழைகிறவரை மட்டுமன்றி, உரிமையோடு நுழைந்துவிட்டு வெளியேற மறுப்பவரையும் குற்றவாளி என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது காலையில் சட்டப்படி உள்ளே வந்த ஒருவர், இடத்தைவிட்டு அசையாமலேயே, கடிகாரம் நகர்ந்த ஒரே காரணத்தால் மாலையில் அத்துமீறியவர் ஆகிவிட முடியும். நிலையத்தில் மனிதர்களைப் பிரிக்கும் வேலி காலத்தால் ஆனது என்று நான் சொல்வது இதனால்தான். (பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டைவிட ஐந்து ரூபாய் மின்சார ரயில் டிக்கெட் மலிவு என்பது சென்னையில் பலருக்குத் தெரிந்த கணக்கு. வழியனுப்ப வருகிறவரைவிடப் பயணி மலிவாக உள்ளே வந்துவிடுகிறார்.)

இப்போது நீங்கள் பார்த்த கூட்டத்துக்கு வருகிறேன். அவர்களை டிக்கெட் இல்லாதவர்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது பெருமளவு தவறு. கணக்கெடுப்பு எதையும் வைத்து இதைச் சொல்லவில்லை; பரிசோதனைக்குப் போன இரவுகளின் நினைவிலிருந்து சொல்கிறேன். முன்கூடத்தில் படுத்திருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயணிகளாகவே இருந்தார்கள். மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடுகிறது. அதன்பின் மாநகரப் பேருந்தும் அருகிவிடுகிறது. முதல் மின்சார ரயில் நாலு மணியை ஒட்டித்தான். கோரமண்டல் விரைவு வண்டி காலை ஏழு மணியளவில் வங்காளத்துக்குப் புறப்படுகிறது. அதன் முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார இடம் பிடிக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே வந்து வரிசையில் பையைப் போட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ வேலை செய்துவிட்டு ஊருக்குப் போகிற ஒடிசா, வங்காளத் தொழிலாளிக்கு அந்த ஓர் இரவு பயணத்தின் முதல் பகுதி. குளிர்சாதனப் பெட்டியில் போகிறவர் வண்டி புறப்பட இருபது நிமிடம் இருக்கையில் வந்தால் போதும். முன்பதிவில்லாமல் போகிறவர் பத்து மணி நேரம் முன்பே வர வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தை அவர் நேரமாகக் கட்டிவிடுகிறார்.

அடுத்தவர்கள், உங்களுக்குத் தோன்றியே இருக்காத ஒரு கூட்டம்: நோயாளிகளின் உறவினர்கள். சாலைக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்திலிருந்தும் ஆந்திரத்தின் சித்தூர், நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் அங்கே வருகிறார்கள். வார்டில் நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம். கூட வந்த மற்ற இருவர் எங்கே போவார்கள்? லாட்ஜ் வாடகை கொடுக்க முடிந்திருந்தால் அரசு மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்கள். ஒரு தெலுங்குக் குடும்பம் பதினெட்டு நாள் இப்படி இருந்ததை எனக்குத் தெரியும். மருமகள் வார்டில்; மாமியாரும் மகனும் முறைவைத்து ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. விடியற்காலையில் அந்த அம்மாள் வந்து என் சாளரத்தில் மணி கேட்பார். பின்னால் பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆறு மணி ஆனால் கெட்டில் வெந்நீர் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் சென்ட்ரலில் வண்டிகளின் ஒலி அறிவிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் பலகையிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். விமான நிலையம் போல அமைதியாக இருக்கிறது என்று பாராட்டியவர்கள் எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்கள்.

மூன்றாவதாக, நகரத்தில் வேலை உண்டு, அறை கிடையாது என்ற நிலையில் இருப்பவர்கள். வால்டாக்ஸ் சாலையிலும் சவுகார்பேட்டையிலும் மூட்டை தூக்குகிறவர்கள், கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள், ஓட்டலில் மாவு அரைக்கிறவர்கள். பகலில் எங்கே போகிறார்கள் என்று கேட்டீர்களே, வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பிழைப்பு அதிகாலை மூன்று, நாலு மணிக்குச் சந்தையும் சமையற்கட்டும் திறக்கும்போது தொடங்குகிறது. புறநகரில் மலிவு வாடகைக்கு அறை எடுத்தால் அந்த நேரத்துக்கு வந்து சேர வண்டி கிடையாது. நிலையத்தின் தரை அவர்களுக்கு வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு. இந்த மூன்று வகையையும் கழித்தபின் எஞ்சுகிற சிறு கூட்டத்தைத்தான் நாம் பொதுவாக வீடற்றவர்கள் என்கிறோம்: வீட்டைவிட்டு வந்தவர்கள், விடப்பட்டவர்கள், மனநலம் குன்றியவர்கள், குடியில் மூழ்கியவர்கள். திருட வருகிறவர்களும் உண்டு; ஆனால் என் அனுபவத்தில் அவர்கள் படுப்பதில்லை. படுத்திருப்பவர்களிடம்தான் அவர்கள் திருடுகிறார்கள்.

இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ரயில்வே கால அட்டவணை எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் வண்டிகளின் நேரத்தை மட்டும் அறிந்திருந்தோம். அவர்கள் எங்கள் நேரத்தையும் அறிந்திருந்தார்கள். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று பணி மாறும் இடங்களில், பத்து மணிக்கு யார் வருகிறார் என்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு எந்தப் பக்கம் படுப்பது என்று முடிவாகும். தட்டி எழுப்புகிறவரா, தடியால் தரையைத் தட்டிச் சத்தம் போடுகிறவரா, பார்த்தும் பாராமல் போகிறவரா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்களிடம் குறிப்பு இருந்தது. அதன்பின் தரை கழுவும் நேரம். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் குழாயை நீட்டித் தண்ணீர் அடித்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து வருவார்கள். படுத்திருப்பவர்கள் சுருட்டிக்கொண்டு எழுந்து, ஏற்கெனவே கழுவி உலர்ந்த பக்கத்துக்கு மாறுவார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு கூட்டம் மெல்ல வட்டமாகச் சுற்றிவருவது போலிருக்கும். ஆளை விரட்டவே தண்ணீர் அடிக்கிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். சில இரவுகளில் அது உண்மை. பல இரவுகளில் கழுவுவதற்குக் கூட்டம் குறைந்த வேறு நேரம் கிடையாது என்பதும் உண்மை. இரண்டில் எது என்று குழாய் பிடித்திருக்கும் பெண்ணுக்கே சொல்லப்பட்டிருக்காது. அவரும் கடைசி வண்டியைத் தவறவிட்டு, முதல் வண்டிக்காகக் காத்திருப்பவர்தான்.

நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் எப்போதும் ஒரு பை. காவலர்கள் இரவில் எழுப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எந்த வண்டிக்கு?” அதற்கு ஒரு வண்டியின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் பயணி, தெரியாதவர் வெளியே. பெரியவர் ஒவ்வோர் இரவும் ஒன்பதரை மணிக்கு என் சாளரத்துக்கு வந்து, “சார், இன்னிக்கு எது லேட்டு?” என்று கேட்பார். பல மாதம் எனக்கு அது பொழுதுபோகாத கிழவரின் பேச்சாகத்தான் பட்டது. எந்த வண்டி அதிக நேரம் தாமதமாக வருகிறதோ அதற்குக் காத்திருப்பதாகச் சொல்லி அன்றிரவு படுத்துக்கொள்கிறார் என்று பின்னால்தான் புரிந்தது. வடக்கே மூடுபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லி வண்டிகள் ஏழெட்டு மணி நேரம் தாமதமாகும். பயணிகள் என் சாளரத்தில் வந்து சண்டை போடுவார்கள். அவர் அந்த நாட்களில்தான் விடியும்வரை தொடர்ந்து தூங்கினார். எல்லா வண்டியும் சரியாக ஓடிய இரவுகளில் அவரைப் பூங்கா நகர்ப் பக்க நடைபாதையில் பார்த்திருக்கிறேன். அவருடைய உண்மையான ஊரோ பெயரோ எனக்குத் தெரியாது; கேட்டதற்கு மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னார்.

பெண்களின் இரவு வேறு மாதிரி. ஆண்கள் இருட்டான மூலையைத் தேடுவார்கள். பெண்கள் விளக்குக்கு நேர்கீழே, விசாரணைச் சாளரத்தின் பார்வைக்குள், குடும்பங்களுக்கு நடுவில் இடம் பிடிப்பார்கள். அங்கே நல்ல தூக்கம் வராது. அதனால் அவர்களில் பலர் பகலில் தூங்குகிறவர்கள். சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு மேல் கூட்டம் வடிந்த மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறி, கடற்கரையிலிருந்து தாம்பரம், திரும்பவும் கடற்கரை என்று இரண்டு மூன்று நடை போய்வருவார்கள். சட்டப்படி அதில் எந்தப் பிழையும் இல்லை. நான் பரிசோதித்தபோது எழுப்ப நேர்ந்த ஒரு பெண் கண்ணைத் திறக்காமலேயே டிக்கெட்டை நீட்டினார்.

அதே பதினொரு மணிக்குத்தான் அந்த வண்டிகளில் பார்வையற்ற வியாபாரிகளின் நாளும் தொடங்கும். பேனா, அட்டைக்குப் போடும் உறை, கடலை மிட்டாய், சீப்பு. அலுவலக நேரத்தில் பெட்டிக்குள் நடக்க இடமிருக்காது; ஆகவே நம்முடைய உச்ச நேரம் அவர்களுக்கு ஓய்வு நேரம், நம்முடைய ஓய்வு அவர்களுக்கு வியாபாரம். சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் சக்கரத்தின் சத்தம் மாறுவதைக் கேட்டு, கிண்டி வருவதற்குள் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, கதவோரம் நகர்ந்து அடுத்த பெட்டிக்கு மாறுகிற அவர்களின் கணக்கை நான் வியந்து பார்த்திருக்கிறேன். ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் விற்பது ஓராண்டு வரை சிறையோ இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறக்கூடிய குற்றம். பிச்சை எடுப்பதற்கும் அதே பிரிவில்தான் தடை. விற்கிறவரையும் யாசிப்பவரையும் ஒரே பிரிவில் வைத்தது எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே அபராதச் சீட்டும் எழுதியிருக்கிறேன்.

நிலையம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. இன்று நாற்புறமும் முகம் கொண்ட கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் சென்ட்ரல், அந்தக் கோபுரம் எழும் முன்பே, 1873-இல் தொடங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் ஓடியது மெட்ராஸ் நேரத்தில்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகம் கணித்த நேரம் அது, கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தோரு நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி முதல் நாளில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்த பிறகே ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அதாவது நாட்டுக்கே ரயில் நேரம் சொன்ன ஊர் இது. ஆனால் வீட்டில் கடிகாரம் இல்லாத மூன்றாம் வகுப்புப் பயணிகள் நிமிடக் கணக்குக்கு வர முடியாதே. பொழுதைப் பார்த்து அரை நாள் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். அப்படி வருகிறவர்களுக்காக நிலையங்களில் கொட்டகை போட்டார்கள். தருமவான்கள் சத்திரம் கட்டினார்கள். சென்ட்ரலுக்கு எதிரே சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் அப்படிப்பட்டது. பெரிய நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் என்பது தமிழ்நாட்டில் அன்று எழுதப்படாத விதி. காசில்லாதவரின் இரவைச் சத்திரம் பார்த்துக்கொண்டது. நிலையம் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டது. சத்திரங்கள் நலிந்து, இடங்கள் வழக்கிலும் வாடகைக் கடைகளிலும் போனபின் அந்த வேலை யாரும் ஒப்படைக்காமலேயே நிலையத்தின் தலையில் விழுந்தது. இது என் ஊகம்தான் என்றாலும், எழும்பூரிலும் மதுரையிலும் திருச்சியிலும் பார்த்தவற்றோடு இது ஒத்துப்போகிறது.

அப்படியானால் ரயில்வே ஏன் விட்டுவைக்கிறது? இரக்கத்தால் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடைமுறைக் காரணங்களே பெரியவை. பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களில் பெரிய நிலையங்கள் பலவும் கடைசி வண்டிக்குப் பின் சில மணி நேரம் கதவை அடைத்துவிடுகின்றன; நம் பெரிய நிலையங்கள் அடைவதே இல்லை, ஏனென்றால் நம் வண்டிகள் இரவெல்லாம் வருகின்றன. அடைக்காத இடத்தில் பயணியையும் பயணியல்லாதவரையும் பிரிக்க ஒவ்வொருவரையும் எழுப்பியாக வேண்டும். அதோடு, நிலையத்துக்குள் இரண்டு காவல்கள் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) மத்திய அரசுடையது, ரயில்வே சொத்தையும் பயணிகளையும் பார்ப்பது; ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது, வழக்குப் பதிவது. வாசலுக்கு வெளியே போனால் நகரக் காவல். ஒருவர் அனுப்புகிறவர் அடுத்தவர் எல்லைக்குள் போய் நிற்பார். அவர் திருப்பி அனுப்புவார். இந்த எல்லைக்கோடுகளின் மேல்தான் பலர் படுத்திருக்கிறார்கள்.

கெடுபிடி ஒரே அளவில் இருப்பதில்லை. 2014 மே முதல் நாள் காலையில் சென்ட்ரலுக்கு வந்து நின்ற குவாஹாட்டி வண்டியில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் இறந்தார். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே அப்போது கண்காணிப்புக் கேமரா இல்லை. இத்தகைய ஒவ்வொன்றுக்கும் பின் சில வாரங்களுக்கு நடைமேடைகள் சுத்தமாக இருக்கும். அந்தக் குற்றங்களுக்கும் அங்கே படுத்திருந்தவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் முதலில் எழுப்பப்படுகிறவர்கள் அவர்களே. தலைவர்கள் வருகை, மேலதிகாரிகளின் ஆய்வு, தூய்மை வாரம் என்று சிறிய அலைகளும் உண்டு. அவை அடங்கியதும் பழையபடி வந்துவிடுவார்கள்.

இனி வரப்போவது அலையாக இராது என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரி 15 அன்று புது டெல்லி நிலைய நெரிசலில் 18 பேர் இறந்ததை அடுத்து, நாடெங்கும் 73 நிலையங்களில் வெளியிலேயே காத்திருப்புப் பகுதி கட்டி, உறுதியான முன்பதிவு உள்ளவர்களை மட்டும் நேராக நடைமேடைக்கு விடுவது என்று ரயில்வே அறிவித்தது. எழும்பூர் போன்ற நிலையங்களை விமான நிலைய மாதிரியில் மறுசீரமைக்கும் வேலைகளும் நடந்துகொண்டிருக்கின்றன. நெரிசலைத் தடுக்க இது தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பண்டிகை நாளில் நடைமேடையில் நின்றவன் எவனும் மறுக்க மாட்டான். ஆனால் காத்திருப்பதற்கும் இனி டிக்கெட்டுக்குத் தக்க இடம் என்று ஆகும்போது, காத்திருப்பவர் போலத் தோன்றுவதையே கூரையாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கூரை போய்விடும். எவ்வளவு வேகமாக என்பதைச் சொல்ல முடியாது. அடைக்க முடியாத வாசல்கள் நம் நிலையங்களில் ஏராளம்.

விடுதிகள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்கக் காப்பகம் வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியாக இருந்தது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்கள் நடத்துகிறது. ஏன் போவதில்லை என்று நான் கேட்டவர்களெல்லாம் நேரத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்: மூன்று மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், காப்பகம் தள்ளி இருக்கிறது, கணவனும் மனைவியும் வேறு வேறு காப்பகத்துக்குப் போனால் காலையில் யார் யாரைத் தேடுவது? கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்பதற்கு வகுத்த விளக்கத்தில் ரயில் நடைமேடைகளும் உண்டு. பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணி, நாடெங்கும் 17.73 லட்சம் பேர் என்றார்கள். அந்த இரவு தாம்பரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரை யார் எண்ணியிருப்பார்கள்? எண் குறைவாகவே இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். எவ்வளவு குறைவு என்று சொல்கிறவரை நம்ப மாட்டேன். 2020 மார்ச்சில் வண்டிகள் அடியோடு நின்றபோதுதான் எங்களுக்கே ஒரு கணக்கு கிடைத்தது. பயணி என்று சொல்லிக்கொள்ள ஒரு வண்டியும் இல்லாத நாளில், நிலையத்தைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளிப்படையாக வீடற்றவர்கள் ஆனார்கள்.

சிறுவர்களின் விஷயம் தனி. அதில் மட்டும் விட்டுவைப்பது சரியன்று. வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளை நிலையத்தில் இறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் யார் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். இறங்கிய பிள்ளை வெளியே போகும் கூட்டத்தோடு போகாது. எதிர்த்திசையில் நடைமேடையின் கடைசிக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம், தரகர்களும் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். 2018 முதல் 2024 மே வரை நாடெங்கும் ரயில்வே வளாகங்களிலிருந்து 84,119 குழந்தைகளை மீட்டதாக ஆர்.பி.எஃப். கணக்குச் சொல்கிறது. இத்தகைய பிள்ளையைப் பார்த்தால் தயங்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.

முதியவரைப் பற்றிக் கேட்டீர்கள். பேசலாம். ஆனால் “எந்த வண்டிக்கு?”, “எந்த ஊர்?” என்று தொடங்காதீர்கள், அது காவலரின் கேள்வி, அதற்குரிய பதில் அவரிடம் தயாராக இருக்கும், உங்களுக்கும் அதுதான் கிடைக்கும். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் குழப்பமாகப் பேசினால், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், ரயில்வே போலீஸிடம் சொல்லுங்கள். அப்படி அலைகிறவரைப் பொறுப்பேற்று 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி காவல் நிலைய அதிகாரியின் கடமை. அதைப் பிரிவு எண்ணோடு சொன்னால் வேலை விரைவாக நடக்கும். முதியோருக்கான உதவி எண் 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான் இயங்குகிறது. நீங்கள் அவரைப் பார்த்த நேரத்துக்கு அது பயன்படாது, ரயில்வேயின் உதவி எண் 139-ஐத்தான் அழைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பெரியவர் இன்றைக்கு வந்தவரா, பத்து வருடமாக இருப்பவரா, மகன் காலையில் வந்து அழைத்துப் போவானா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் சாளரத்தில் அந்தத் தகவல் இருந்ததில்லை.